வங்கியிடம் போதும் என்று சொன்னவன்

முன்பின் தெரியாதவர்கள் என்னை நம்பிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இந்த ஒரு பலவீனம் மட்டும் இல்லையென்றால், என் தங்கை சத்யா நல்ல லேப்டாப்பில் படித்திருப்பாள்.

அப்போது ஜமுனாமரத்தூரில் ஒரு புளி மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பளம் வரும் வங்கியிலிருந்து ஒருவர் வந்து கிரெடிட் கார்டு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. (எங்கள் முதலாளி என்னைக் கல்லாப் பக்கம்கூட விட்டதில்லை.) ஆனால் தேவை இருந்தது. சத்யாவுக்கு வேலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்திருந்தது. கல்லூரி திறக்கும் திங்கட்கிழமையே வகுப்புக்கு லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். "நான் வாங்கித் தர்றேன்" என்று வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன்.

கார்டு தபாலில் வந்தது. இரண்டு நாளில் கஸ்டமர் கேரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்.

"வாழ்த்துகள் சார். உங்க கார்டுக்கு ஒரு லட்ச ரூபாய் லிமிட் அப்ரூவ் ஆகியிருக்கு."

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எங்கோ ஆபீஸில் இருந்துகொண்டு என் முகத்தையே பார்க்காதவர்கள், என் ஊருக்கு எந்த பஸ் ஏறவேண்டும் என்று தெரியாதவர்கள், எடுத்த எடுப்பில் ஒரு லட்சம் தருகிறார்கள். அதுவும் சார் போட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. விருந்தில் சாமைச் சோறு வைக்க வருகிறவரிடம், எவ்வளவு பசியிருந்தாலும் "போதுங்க" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் "நெஜமா போதுமா?" என்பார். மறுபடியும் "போதுங்க." மூன்றாவது போதுங்கவுக்கு இரண்டு கரண்டி சேர்த்தே விழும். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவனை 'அலையறான் பாரு' என்பார்கள்.

"அவ்ளோ எதுக்குங்க? இருபதாயிரம் போதுங்க" என்றேன்.

"லிமிட்டை இருபதாயிரமா குறைக்கணுமா சார்?"

இன்னா மரியாதை, எங்க ஊர்ப் பொண்ணு மாதிரியே கேட்குது என்று உருகிப்போனேன். "போதுங்க."

"உறுதியா சொல்றீங்களா சார்?"

"போதுங்கம்மா." கூச்சத்தோடு சிரித்தபடி அந்த இரண்டு கரண்டிக்காகக் காத்திருந்தேன். "நன்றி சார்" என்று வைத்துவிட்டார். எப்படியும் ஒன்றரை லட்சம் ஆக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்ஸை, ஏதோ விளம்பரம் என்று அழித்தேன்.

சனிக்கிழமை சத்யாவோடு வேலூர் கிளம்பினேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டும்வரை, லிமிட் என்றால் என்ன என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். கடையில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கார்டை நீட்டினேன். மிஷின் ஏற்கவில்லை. இரண்டாம் தடவையும் ஏற்கவில்லை.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். (திமிர்தான்.) இந்த முறை ஓர் ஆண் பேசினார்.

"எனக்கு ஒரு லட்சம் லிமிட்டுங்க. மிஷின்ல எடுக்க மாட்டேங்குது."

"உங்க லிமிட் இருபதாயிரம் சார். நீங்களேதான் குறைக்கச் சொல்லியிருக்கீங்க. ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்தியிருக்காங்க."

"அது மரியாதைக்குச் சொன்னதுங்க."

"புரியுது சார். ஆறு மாசம் கழிச்சு கூட்டச் சொல்லி விண்ணப்பிக்கலாம்" என்றார். கடையில் அத்தனை பேரும் சிரித்தார்கள், போனில் பேசிய அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கிறது.

கையில் பஸ் காசுதான் இருந்தது. சத்யா மடியிலிருந்ததை மெல்ல மேஜைமேல் வைத்தாள். "பரவால்லண்ணா. அந்த மூலையில இருக்குற பழைய லேப்டாப்பு இன்னா வெலைன்னு கேளு." பத்தொன்பதாயிரம். இந்தத் தடவை கார்டை மிஷின் ஏற்றுக்கொண்டது. அழுகை வந்தது எனக்குத்தான்.

அந்தப் பழசை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போவாள், வரும்போதுதான் திரையில் வெளிச்சம் வரும். மூன்று வருஷம் அதிலேயே படித்து முடித்தாள். ஒரு நாளும் என்னைக் குத்திக்காட்டியதில்லை.

ஆனால் அம்மா சும்மா விடுவாளா? சத்யாவுக்கு வேலை கிடைத்து, அவளுக்கும் கார்டு வந்து, வங்கியிலிருந்து போன் வந்தபோது, என் கையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். "நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு. கொழந்த பேசி முடிக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து இதுவே எங்கள் வீட்டுச் சட்டம். நான் சும்மா காற்று வாங்கத் தெருவில் நின்றால்கூட, எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார்: "இன்னாப்பா, வூட்டுக்கு பேங்க்லருந்து போனா?"