தசைக்குத் தெரிந்துபோன சர்க்கரைப் பொங்கல்

என் முனைவர் பட்ட ஆராய்ச்சியை நானே என் கையால் கெடுத்திருக்கிறேன். அதுவும் வெறும் கையால் அல்ல, சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்த கையால்.

அப்போது ஜொகூர் பாருவில் தசைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் சைக்கிள் மிதிக்கும்போது தொடைத் தசை எதை எரித்துச் சக்தி எடுக்கிறது, கொழுப்பையா சர்க்கரையையா, பயிற்சி செய்யச் செய்ய அது எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி. அதற்குத் தன்னார்வலர்கள் இரண்டு மாதம், வாரத்தில் மூன்று நாள் காலையில் வந்து மிதிக்க வேண்டும். (சம்பளம் கிடையாது. ஒரு டீ-சட்டை உண்டு.) ஆள் கிடைக்காமல் நான் அல்லாடுவதைப் பார்த்து, யோங் பெங்கிலிருந்து என் அண்ணன் தன் காற்பந்துக் கூட்டாளி கதிரை அனுப்பிவைத்தான்.

கதிர் பாலோ என்ற சின்ன ஊர்க்காரர். ஜொகூர் பாருவிலேயே ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. எடை பார்க்க வந்த முதல் நாளே, "தொடையில ஊசி குத்துவீங்களாமே, நீங்கதானே குத்துவீங்க?" என்று சிரித்தார். எனக்கு நாடித்துடிப்பு எகிறியது. (அளக்க வேண்டியது அவருடையதை.) இரண்டு மாதம் இவரை வாரம் மூன்று முறை பார்க்கப் போகிறோம் என்று நினைத்தபோது, அறிவியலின் மேல் எனக்கு அதுவரை இல்லாத பக்தி பிறந்தது.

பக்திதான் வினையாகிப் போனது. முதல் சோதனை நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோயிலுக்குப் போய், அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார் குருக்கள். தெரியவில்லை. உயரம், எடை, உடம்பில் எத்தனை விழுக்காடு கொழுப்பு என்பதெல்லாம் மனப்பாடம். அவற்றை வைத்து அர்ச்சனை செய்ய மாட்டார்களாம்.

தொன்னை நிறையப் பிரசாதத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். கதிர் பசியோடு உட்கார்ந்திருந்தார். "தண்ணியைத் தவிர எதையும் தொடக் கூடாது" என்று முந்தின நாள் போனில் மிரட்டியவளே நான்தான். அதே நான் தொன்னையை நீட்டினேன்.

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"இது சாப்பாடு இல்லீங்க, பிரசாதம். வேணாம்னு சொல்லக் கூடாது."

அந்த நேரத்தில் அது முழுக்க நியாயமாகத்தான் பட்டது. அவர் கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் மீதியையும் அவர் கையிலேயே வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் படுத்து ஓய்வெடுத்த பிறகு, மூச்சை அளக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தார். திரையில் வந்த எண்களைப் பார்த்து எனக்கு வேர்த்தது. கொழுப்புப் பக்கமே போகாமல், அவர் தசை சர்க்கரையாக எரித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இயந்திரத்தில்தான் கோளாறு என்று நினைத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பொந்தியானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. முகமூடியைக் கழற்றி ஒரு தடவை முகர்ந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க, கதிர்?"

"ஒண்ணும் சாப்பிடல, சார்."

"அப்ப நெய் வாசமும் ஏலக்காய் வாசமும் எங்கேருந்து வருது?"

கதிர் விட்டத்தைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "நான்தான் சார் பிரசாதம் குடுத்தேன்" என்றேன்.

"அலாமாக்! சாமிக்குப் படைச்சதுன்னு தசைக்கு எப்படிம்மா தெரியும்?" தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆராய்ச்சி பண்றவங்களே ஊட்டி விட்டா அந்த ஆள வெச்சுக்க முடியாது. அவர அனுப்பிடு."

இரண்டு மாதத்துக் காலைகள் ஒரு தொன்னையில் போயின. அவரோடு வாசல் வரை போனேன். கதிர் காலணியை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார்.

"ஆராய்ச்சி இல்லாட்டி பரவால்ல லா. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவீங்கல்ல? நானும் வரட்டா?"

வாழ்நாளெல்லாம் காத்திருந்து கேட்க வேண்டிய கேள்வி. அவமானத்தில் வெந்துகொண்டிருந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"விலக்கப்பட்ட தன்னார்வலர்களோட தொடர்பு வெச்சுக்கக் கூடாதுன்னு விதி இருக்குங்க."

(அப்படி ஒரு விதி உலகத்தில் எங்கேயும் இல்லை. அந்த நொடியில் நானே இயற்றியது.)

"ஓ... சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதமே சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று அண்ணன் சொன்னான்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் அண்ணன் இதைச் சொல்லாமல் பந்தி முடியாது. "என் தங்கச்சி ஒருத்தருக்குத்தான் ஆசையா ஊட்டி விட்டுச்சு, அவரையும் அறிக்கையில 'தகுதியற்றவர்'னு எழுதிருச்சு!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்புறம் கை கழுவப் போகும் சாக்கில் கொஞ்ச நேரம் தனியாக நிற்பேன். அவரை நினைத்தால் இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நானே விரிவுரையாளர். மாணவர்களுக்கு எத்தனையோ விதிகளை எழுதிக் கொடுக்கிறேன், ஒருவரும் மதிப்பதில்லை. இல்லாத ஒரு விதியை ஒரே ஒருவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னேன். அவர் அதை இன்றுவரை மீறவில்லை.