ரெண்டு நாள்ல ஆரம்பிச்சிடலாம்

அந்த மென்பொருளை எழுதினானே ஒரு மகானுபாவன், அவன்தான் குற்றவாளி. எஸ்டிமேட் போடும், ஆளைப் பிரித்து அனுப்பும், நாள் குறிக்கும் என்று அதற்கு நூறு வித்தை கற்றுக்கொடுத்தான். கட்டட காண்ட்ராக்டர் ஒருவர் 'ரெண்டு நாள்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமாவது கேட்டானா? கேட்டிருந்தால் ஒரு குடும்பஸ்தர் இந்தக் கதிக்கு ஆளாகியிருப்பாரா?

அந்தக் குடும்பஸ்தர், செங்கல் சுமந்து மேலே வந்த காண்ட்ராக்டர். அவரிடம் பேரத்தில் சிக்கிய மணல் லாரிக்காரன், மணலோடு கண்ணீரையும் இறக்கிவிட்டுத்தான் போவான். அவர் மனைவி பதினொரு வருஷமாகச் சமையலறையை இடித்துக் கட்டித் தரச் சொல்கிறாள். "ரெண்டு நாள்ல ஆரம்பிச்சிடலாம்மா" என்பார். பதினொரு வருஷமாக அந்த ரெண்டு நாள் முடியவில்லை.

இந்த லட்சணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டட வேலை கிடைத்தது. வாழ்நாளிலேயே பெரிய வேலை. வெள்ளிக்கிழமை தளம் போட்டாக வேண்டும். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: "எஸ்டிமேட்டும் தேதியும் கம்ப்யூட்டர்ல வரணும். சிகரெட் அட்டையில வரக் கூடாது."

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதல் ஆளின் மென்பொருளில் திரை முழுக்க வண்ணப் பட்டைகள். "புடவைக் கடை மாதிரி ஜோரா இருக்கு. கம்பி எத்தனை டன்னு சொல்லுமா?" சொல்லாதாம். இரண்டாவது எல்லாம் சொல்லியது. இங்கிலீஷில் சொல்லியது. மேஸ்திரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவதுதான் தமிழ் பேசியது.

"வேலை குடுக்கிற பார்ட்டி ஒப்புக்கிட்டப்புறம் பின்வாங்கக் கூடாது. வழி இருக்கா?"

"இருக்கு சார். பார்ட்டி சம்மதம் குடுத்ததும் பூட்டிக்கும். அப்புறம் ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் மாத்த முடியும்."

ரெண்டு பேரும் என்பது காண்ட்ராக்டரின் காதில் விழவில்லை. அவர் விலையில் பாதியைக் குறைக்கும் மும்முரத்தில் இருந்தார்.

குறைத்தார். புதன்கிழமை வாங்கினார். "சின்ன வேலை ஒண்ணைப் போட்டுப் பழகுங்க சார்" என்றதும், வேலை என்ற இடத்தில் சொந்த வீட்டுச் சமையலறையைப் போட்டார். பழகத்தானே! கருங்கல் மேடை, கண்ணாடி அலமாரி என்று கர்ணனாகவே மாறினார். தொகை, சைபர். பார்ட்டியின் போன் நம்பர், மனைவியுடையது. தொடங்கும் நாள்? விரல் தானாக அடித்தது: இரண்டு நாளில். பழக்கதோஷம்.

மறுநாள் காலை மேஸ்திரியிடமிருந்து போன்.

"அண்ணே, நாளைக்கு உங்க வீட்டு அடுப்படியை இடிக்கணும்னு எங்க எல்லாருக்கும் தகவல் வந்திருக்கு. தளம் போட ஆளே இல்லைன்னு டாக்டர் கம்ப்யூட்டர்லயும் காட்டுமே!"

காண்ட்ராக்டர் சமையலறைக்கு ஓடினார்.

"யாரைக் கேட்டு சம்மதம் குடுத்த?"

"என்னைத்தாங்க கேட்டுச்சு. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்குச் சம்மதமா'ன்னு. கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு மரியாதையா கேக்கல."

"அது சும்மா பழகிப் பார்த்ததும்மா!"

"நானும் பதினொரு வருஷமா பழகிப் பார்த்துட்டேன்."

"இப்பவே ரத்து பண்றேன் பாரு."

"பண்ணுங்க, பார்க்கிறேன்."

அழுத்தினார். 'பார்ட்டியின் சம்மதம் தேவை' என்றது. குத்தினார். அதையேதான் சொன்னது. கம்பெனிக்காரனைப் பிடித்தார்.

"நீங்க கேட்ட பூட்டுதானே சார்!"

"அவ பார்ட்டி இல்லய்யா, பொண்டாட்டி!"

"அப்படி ஒரு பிரிவு மென்பொருள்ல இல்ல சார்."

காண்ட்ராக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நாளைக்குத் தளம் போடலேன்னா டாக்டர் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரும்மா. நான் மறுபடி செங்கல் சுமக்க வேண்டியதுதான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. நாளைக்கு ஆளுங்களை விட்டுத் தரேன். சனிக்கிழமை இடிச்சாப் போதும். ஆனா ஒரு நாள் தள்ளிப் போறதுக்கு ஈடா மேற்கால ஒரு ஜன்னல் வேணும்."

"ஜன்னலா?"

"ரெண்டு ஜன்னல்."

"அநியாயம்மா இது!"

"மூணு."

எதிராளி வாயைத் திறக்கத் திறக்க ஏற்றிக்கொண்டே போவது காண்ட்ராக்டரின் சொந்த வித்தை. இத்தனை வருஷம் வீட்டில் உட்கார்ந்து போனில் அவர் போட்ட பேரத்தையெல்லாம், அவள் சோறு பரிமாறிக்கொண்டே பாடம் படித்திருக்கிறாள். நாலாவது ஜன்னல் போட அந்தச் சமையலறையில் சுவர் கிடையாது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் புது நிபந்தனைகளைத் தட்டி அனுப்பினாள். "படிச்சுப் பார்த்துட்டு சம்மதம் குடுங்க" என்றும் சொன்னாள். படிக்க ஏது நேரம்? அழுத்தினார். பூட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தளம் போட்டாயிற்று. டாக்டர் கை குலுக்கினார். சனிக்கிழமை விடிந்ததும் அடுப்படி இடிந்தது. காண்ட்ராக்டரின் போன் கூவியது.

'இன்றைய பணி: வேலை முடியும் வரை வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு. சமைக்கும் இடம்: கார் நிறுத்தும் கொட்டகை. பொறுப்பு: காண்ட்ராக்டர். காலைச் சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதம்.'

கொட்டகையில் கன்னத்தில் கரியோடு நிற்கிறார் மனுஷர். முதல் பானைச் சோறு ஆஸ்பத்திரித் தளத்தைவிடச் சீக்கிரம் இறுகிவிட்டது. ஏய் மகானுபாவா! நீ எங்கே இருந்தாலும் சரி, உடனே வந்து அந்தப் பூட்டைத் திற. முடியாதென்றால், ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று ஒரு எஸ்டிமேட்டாவது போட்டு அனுப்பு. கொத்தனார் தட்டோடு நிற்கிறார்!