சித்தப்பாவின் சாவை அறிவித்த செயலி

உயிரோடு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனிதரை போனில் ஒரே தட்டில் சாகடித்தவன் நான். (கொலைகாரன் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு ஏது?)

மலேசியாவில் பகாவ் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டக் குடியிருப்புக்குச் செயலி செய்யக் கிளம்பியிருந்தேன். மக்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கேட்பதைச் செய்துகொடுப்பது என் கொள்கை. கோயில் மண்டபத்தில் கூட்டம். பஸ் நேரம், கிளினிக் நாள் என்று கேட்பார்கள் என்றிருந்தேன். முதலில் எழுந்தவர் என் சித்தப்பா.

"சாவு சேதி போடுடா. உங்கப்பன் செத்ததுக்கே பாதி சனம் மறுநாள்தான் வந்துச்சு. எல்லாம் செதறிக் கெடக்குதுலா."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். சாவு மேளமும் ஒலிக்க வேண்டுமாம். செய்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆளாளுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

"என் பேரப் போடு. எமனுக்கே எங்கிட்ட வர பயம்" என்றார் சித்தப்பா.

மண்டபத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டியதை, எல்லாருக்கும் அனுப்பித் தொலைத்தேன். சிரம்பான், ஜொகூர், சிங்கப்பூர் எங்கும் மேளம்! மன்னிப்புச் செய்தி போவதற்குள் பாதிப் பேர் மாலையோடு காரில் ஏறிவிட்டார்கள்.

கடற்கரை ஊரான சி ரூசாவிலிருந்து அவர் மகள் மல்லிகா அக்காவும் வந்தாள். அவள் காதல் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கார் சத்தம் கேட்டதும் இந்த மனுஷன் கட்டிலில் நீட்டிப் படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"பேசாமலே போயிட்டியேப்பா!" என்று காலைப் பிடித்துக் கதறினாள்.

துண்டு விலகியது. "பேசுறேன், இரு. அழாத."

மாலையாலேயே அவரை அடித்தாள். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதன்பின் வாராவாரம் அவருக்குப் பிடித்த நண்டோடு வந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சித்தப்பா நிஜமாகவே எழுந்திருக்கவில்லை. செயலியில் மேளம் போனது. நானும் அழுதுகொண்டே அக்காவைக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் படுத்துட்டாரா? வேலை முடிஞ்சி நண்டோட வர்றேன்னு சொல்லு, எந்திரிச்சிருவாரு."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். ஹோட்டல் சமையலறையில் வேலை. உள்ளே போனால் போனைப் பூட்டிவைக்க வேண்டும். மறுபடி மறுபடி அடித்தும் கிடைக்கவில்லை. ஹோட்டலிலும் யாரும் எடுக்கவில்லை. கிளம்பியிருப்பாள் என்று நம்பிக் காத்திருந்தோம். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள் பெரியவர்கள்.

அவள் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நண்டுப் பையோடு ஈர வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது செயலியிலிருந்து மேளத்தை எடுத்துவிட்டோம். இறந்தவரின் பிள்ளைகளிடம் நேரில் ஆள் போய்ச் சொன்ன பிறகுதான் செய்தி போக வேண்டும். கூட்டத்தில் அக்கா கேட்டது அது.

தீபாவளிக்குக் கூடினால் எங்கள் வீட்டில் இன்னும் இந்தக் கதைதான். அக்காவே துண்டைப் போர்த்திப் படுத்து, நடித்துக் காட்டுவாள். அவள் துண்டை விலக்கி எழும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அதற்கு மேல் அவள் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.