எஸ். சொரிமுத்துவைப் பற்றி பாங்கி சொன்னது

உ

மில்லர்புரம், தூத்துக்குடி
9-5-1976

சிரஞ்சீவி சித்தப்பா மகன் தம்பி சொரிமுத்துவுக்கு அண்ணன் சொரிமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. கொற்கையில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கு சுகமில்லை. வயிறு எரிகிறது.

என் மகள் செண்பகத்துக்குப் பரிசம் போட வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை சுந்தரராஜ் துறைமுகத்தில் கிளார்க்கு. ஒரு குடும்பத்தைப் பற்றி அண்டை வீட்டில் விசாரிப்பதுதான் உலக வழக்கம். அவன் அப்பா தன் பாங்கியில் விசாரித்திருக்கிறார். அந்த பாங்கி என் பாங்கியைக் கேட்க, இவர்கள் ரகசியமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: எஸ். சொரிமுத்து பம்புசெட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டாதவர், கேட்கப் போனால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிகிறவர். ஏலே, கடைக்கு வாங்கின கடனத் தேதி தவறாமக் கட்டுறவன் நான். கப்பலுக்குக் கயிறு விக்கிறவனுக்கு எதுக்குலே பம்புசெட்டு? கடலையா எறைக்கப் போறேன்? மேனேஜரிடம் போய்க் கத்தினேன். "அண்ணாச்சி, பேரு ஒங்க பேருதான? அப்பொறம் என்ன?" என்கிறான். எழுதினதைக் காட்டு என்றால், ரகசியமாம். ஊர் பூராவும் தெரிஞ்சிட்டு, எனக்கு மட்டும் ரகசியம்! செண்பகம் சாப்பிடவே மாட்டேங்கா. பரிசத்துக்கு எடுத்த சேலையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

வக்கீல் ஹாமிதைப் பிடித்து ரெண்டு பாங்கி மேலும் மானநஷ்ட கேஸ் போட்டுவிட்டேன். நீதான் சாட்சி. தாத்தா பேரை நாம் ரெண்டு பேரும் சுமக்கிறோம், நம் அப்பாமார் பேரும் 'எஸ்'சில்தான் ஆரம்பம். நம் குடும்பத்தில் எந்தச் சொரிமுத்துவும் கடன்காரன் இல்லை என்று கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணு.

உன் மகள் பேச்சிக்காவது நல்ல இடம் விக்கினமில்லாமல் அமைய அய்யனார் துணையிருப்பார். குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
கோர்ட்டைத் தவிர வேறு கதியில்லாத அண்ணன்,
எஸ். சொரிமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. பேச்சியை அதே சுந்தரராஜுக்கு நிச்சயம் பண்ணுகிறாயாம். மாப்பிள்ளை வீட்டார் பாங்கியில் விசாரித்ததில், வாங்கின கடனைத் தேதி தவறாமல் கட்டுவதில் கொற்கை சொரிமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது என்றார்களாம். நிச்சயத்துக்கு வந்தால் புது பம்புசெட்டில் ஆசைதீரக் குளிக்கலாம் என்று வேறு எழுதியிருக்கிறாய். சாட்சிக்கு வர வேண்டாம்லே. மூணாவது பிரதிவாதியா வா.