மெத்தோடியால் கழற்ற முடியாத கியர்

மாமியார் வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க எத்தனையோ வழி உண்டு. காய்ச்சல், கால் சுளுக்கு, தூரத்துச் சொந்தத்தில் சாவு. இவை எல்லாவற்றையும் மெத்தோடி கல்யாணமான முதல் ஐந்து வருஷத்திலேயே செலவழித்துவிட்டான். தூரத்துச் சொந்தத்தில் இனிமேல் சாக ஆள் மிச்சமில்லை. ஆகவே இந்த செப்டம்பரில் ஓர் எஞ்சினையே பிரித்துப் போட்டான்.

சனிக்கிழமை மாமியார் வீட்டில் குளிர்காலத்துக்கு மிளகாய் சுடுகிற வேலை. நூறு கிலோ சிவப்புக் குடைமிளகாய். சுட வேண்டும், தோலுரிக்க வேண்டும், ஜாடியில் அடைக்க வேண்டும். நடுநடுவே மூத்த மருமகன் எவ்வளவு வேகமாக உரிப்பான் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே சனிக்கிழமைதான் பக்கத்து வீட்டு ஸ்பாஸோடு டான்யூப் ஆற்றில் கெளுத்தி மீன் பிடிக்க ஏற்பாடு.

வியாழக்கிழமை மாலை, பவர் டில்லரின் கிராங்க் ஷாஃப்ட்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் வந்தான். நுனியில் இருந்த கியரில் ஒரு பல் இல்லை. அது உடைந்து மூன்று வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

"கியர் போச்சு, நெவெனா. பூண்டு நடுறதுக்குள்ள மாத்தியாகணும்."

அவன் மனைவி நெவெனா வீட்டுக்கான மிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தாள். இதற்கென்றே ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சுஷ்கோபெக் அடுப்பு. நடுவில் குழி, குழியைச் சுற்றிலும் பழுக்கிற மின்கம்பி. மிளகாயை உள்ளே இறக்கினாள்.

"மாத்து."

"மாத்துறதா? இது சும்மா மாட்டினதில்ல, அழுத்தி ஏத்தினது. ஷாஃப்ட்டைவிட ஓட்டை ஒரு மயிரிழை சின்னது. சனிக்கிழமை விதின் டவுனுக்குப் போய், பட்டறை பிரஸ்ல வச்சு அழுத்தித்தான் எடுக்கணும்."

"சுத்தியலால தட்டினா?"

"ஷாஃப்ட் வளைஞ்சிடும்."

"கேஸ் டார்ச்?"

"ஒரு பக்கமா சுடும். இரும்போட டெம்பர் போயி உறுதி கெட்டுடும்."

"கியரைப் பிடிச்சு இழுக்கிற புல்லர் வச்சிருக்கியே."

மெத்தோடி பரிதாபமாகச் சிரித்தான். விஷயம் தெரிந்தவனுக்கு இந்த வீட்டில் வாய்த்த துணை இப்படி.

"வெறும் புல்லரைப் போட்டு முறுக்கினா ஷாஃப்ட் நுனி நசுங்கும். நடுவுல செம்புத் துண்டு வைக்கணும். ஷாஃப்ட்டுக்கு ஈரத்துணி சுத்திக் குளிர்ச்சியா வைக்கணும். கியர் மட்டும் சுத்திலும் ஒரே சீராச் சூடேறணும். ஆறுறதுக்குள்ள நேரா இழுக்கணும். அப்படிச் சுத்திலும் சூடு குடுக்கிற அடுப்பு நம்ம வீட்டுல எங்க இருக்கு, சொல்லு?"

கேட்டுவிட்டு, அவள் குழியிலிருந்து எடுத்துப்போட்ட மிளகாய் ஒன்றை ஊதி ஊதித் தின்றான்.

நெவெனா அவனைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

"எங்கயும் இல்ல" என்றாள். "தனியாவா போற?"

"ஸ்பாஸ் துணைக்கு வர்றான். கனமா இருக்குல்ல."

"ஆமா. உன் முதுகு வேற."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்பாஸ் வீட்டுக் கொல்லையில் இருவரும் புழு தோண்டினார்கள்.

"நம்பிட்டாளாடா?" என்றான் ஸ்பாஸ்.

"நம்பாம? டெம்பர் அது இதுன்னு நாலு வார்த்தை போட்டேன். பொம்பளைங்க அப்படியே அடங்கிடுவாங்க."

புழு டப்பாவும் கையுமாக வீடு திரும்பினான். சமையலறை மேஜையில் கிராங்க் ஷாஃப்ட் படுத்திருந்தது. நுனியில் புது கியர், எல்லாப் பல்லோடும். பழையது ஒரு தட்டில் தனியாக இருந்தது. அதன் பல்லிடுக்கில் கருகிய மிளகாய்த் தோல்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்" என்றாள் நெவெனா. "ஈரத்துணி, ஒரு பழைய செம்புக் காசு, உன் புல்லர். அடுப்பு மட்டும் என்னோடது. ரெண்டே நிமிஷம். தடித்தோல் மிளகாயே இதைவிடப் பிடிவாதம் பிடிக்கும்."

"புது கியர் ஏது? அதுக்கு விதின் போகணுமே."

"மூணு வருஷமா ஷெட்ல எண்ணெய்க் காகிதத்துல சுத்தி வச்சிருந்தியே. அதையும் சுட்டு இறக்கிட்டேன்."

மெத்தோடி பூதக்கண்ணாடியை எடுத்தான். ஷாஃப்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல், ஒரு நசுங்கல், தலைமுடி அளவு ஒரு வளைவு... ஏதாவது இருந்தால் விதின் பயணம் பிழைக்கும். கண்ணாடி மாதிரி இருந்தது. ஷாஃப்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று துக்கப்பட்ட முதல் மெக்கானிக் அவன்தான்.

"கையில என்ன டப்பா?"

"போல்ட்டு."

"போல்ட்டு நெளியுது. கோழிக்குப் போட்டுட்டு வா."

போட்டுவிட்டு வந்தான். கோழிகளுக்காவது அது நல்ல வெள்ளிக்கிழமை.

"ஸ்பாஸ்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றான் ஈனஸ்வரத்தில்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் பொண்டாட்டிகிட்ட நான் பேசிட்டேன். நாளைக்கு அவனும் நம்மகூட மிளகாய் உரிக்க வர்றான்."

மெத்தோடிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆளுக்கு ஐம்பது கிலோ. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டால் சாயங்காலமாவது ஆற்றங்கரைக்கு ஓடிவிடலாம்.

"அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்" என்றாள் நெவெனா. "இன்னொரு ஆள் வர்றான்னதும் இன்னொரு நூறு கிலோ வாங்கிட்டாங்க."