கர்னூலில் அறுபத்திரண்டு படிகள்

“கோட்டைக்கு எத்தனை படி?”

மேனேஜர் தணிகாசலம் கேட்டதும் சாலமோன் தன்னையே நொந்துகொண்டான். கர்னூலில் என்ன பார்த்தாய் என்றதற்குக் கோட்டை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். “மேலே ஏறிப் பார்த்தேன் சார்” என்று எதற்காகச் சொல்லித் தொலைத்தான்?

“அறுபத்திரண்டு, சார்.”

அறுபது என்றால் குத்துமதிப்பு. அறுபத்திரண்டு என்றால் எண்ணிப் பார்த்தவன் சொல்வது போல இருக்கும்.

மேனேஜர் ஒரு துண்டுத் தாளில் அதைக் குறித்துக்கொண்டார். உண்மையில் சாலமோன் கர்னூலுக்குப் போகவே இல்லை.

அவன் குமாஸ்தாவாக இருந்த திருவள்ளூர் எண்ணெய் மில்லுக்கு வேண்டிய வேர்க்கடலை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். ஆந்திரா தனி ராஜ்யமாகி, கர்னூல் அதன் தலைநகராகி எட்டு மாதமே ஆகியிருந்தது. பர்மிட் தாள்களை அங்கே போய்க் கொடுத்து முத்திரை வாங்கி வா என்று மேனேஜர் அவனை அனுப்பினார். அதே இரண்டு நாளில்தான் அவனுக்கு டைப்ரைட்டிங் பரீட்சை. மாலை வகுப்பில் பக்கத்து மிஷினில் உட்காரும் அமீருதீன், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், கடைச் சரக்கு விஷயமாகக் கர்னூல் போவதாகச் சொன்னான். தாள்கள் அவனோடு போய், முத்திரையோடு திரும்பின. சாலமோன் பரீட்சை எழுதினான். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஆனால் தற்காலிகக் குமாஸ்தாக்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று மேனேஜர் இந்தச் சனிக்கிழமை எழுதி அனுப்ப வேண்டும். சாலமோன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவன்தான். அந்த நாற்காலி இப்போது ஆடியது.

அன்று மாலை வகுப்பில் அமீருதீனைப் பிடித்துக்கொண்டான்.

“கோட்டைக்கு எத்தனை படிடா?”

“கோட்டைக்கு எவன்டா போனான்? பஸ்ஸுல போவசொல்ல ஒரு பெரிய கொத்தளம் தெரிஞ்சுது. அவ்ளோதான்.”

“வேற இன்னா பாத்தே?”

“தலைநகராம் தலைநகரு! பாதி ஆபீஸ் டென்ட்டுல நடக்குது. சர்க்கஸ் வந்துகீதுன்னு நெனச்சி உள்ள பூந்தா, அதான் ஆபீசாம்!”

“சாப்பாடு?”

“நாஷ்டாவுக்குப் பொரிய நனைச்சித் தாளிச்சி, மொளகா பஜ்ஜியோட குடுத்தான். மத்தியானம் சோள ரொட்டி, ஆட்டுக்கறி. காரம்னா காரம், காதுல பொகை வந்துச்சு. இதெல்லாம் எதுக்குடா எழுதிக்கினு கீறே?”

சாலமோன் நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘உண்மை’, மறுபக்கம் ‘நான் சொன்னது’ என்று பிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பக்கம்தான் நீண்டுகொண்டு போனது.

மறுநாள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “என்ன சாப்பிட்டே?”

சாலமோன் தைரியமாக ஒப்பித்தான். ஆட்டுக்கறி வந்ததும் மேனேஜரின் முகம் சுருங்கியது.

“அது வேணாம். நான்... அதாவது, சைவக்காரன் ஒருத்தன் போனா எங்கே சாப்பிடுவான்?”

“மீனாட்சி பவன், சார்.”

“கர்னூல்ல மீனாட்சியா?”

“மதுரைக்காரர் ஒருத்தர் நடத்தறார், சார்.”

“பேரு?”

“யாருக்கு, சார்?”

“மதுரைக்காரருக்கு.”

“கூட்டமா இருந்தது சார், கேக்க முடியல.”

மேனேஜர் மீனாட்சி பவனையும் மதுரைக்காரரையும் எழுதி, அடிக்கோடும் போட்டார். விசாரணைதான். சாலமோனுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் வாங்கி எழுதிவிட்டு, ஒரே அடியாக அடிப்பார்.

புதன்கிழமைக் கேள்வி இன்னும் மோசமாக இருந்தது.

“அங்கேயிருந்து பொம்பளைங்களுக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?”

“வளையல், சார்.”

“நீ வாங்கிட்டு வந்தியா?”

வாங்கவில்லை என்றால் போகவில்லை என்று ஆகிவிடுமோ? “எங்க அக்காவுக்கு வாங்கினேன், சார்.”

“நாளைக்குக் கொண்டா.”

அக்கா ரோசம்மாளிடம் ஒரு ஜோடி பச்சை வளையல் இருந்தது.

“ஒரே ஒரு நாளைக்குக் குடுக்கா.”

“எந்தப் பொண்ணுக்குடா?”

“மேனேஜருக்கு.”

ரோசம்மாள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வளையலைக் கழற்றினாள்.

மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் தருவார் என்று சாலமோன் கையை நீட்டினான். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“எங்கடா என் வளையல்?” என்றாள் ரோசம்மாள் அன்று மாலை. அவன் நோட்டை எடுத்து எழுதினான்: ‘சாட்சிப் பொருள் ஒன்று கைப்பற்றப்பட்டது.’

வெள்ளிக்கிழமை மேனேஜரின் கண்கள் சிவந்திருந்தன.

“இதே வளையல் நம்ம கோயில் வாசல்ல அமாவாசைக் கடையில தொங்குதாமே!”

“அது... கர்னூல்லேர்ந்துதான் இங்கே சரக்கு வருது, சார்.”

மேனேஜரின் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லு! இது ஏன் எனக்குத் தோணாம போச்சு?” அதையும் எழுதிக்கொண்டார்.

சந்தோஷப்படுகிற போலீஸ்காரனைப் பார்த்த திருடனின் நிலைமை சாலமோனுக்கு. அன்று ராத்திரி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்து, எந்தப் பொய்யை முதலில் சொல்வது என்று வரிசை நம்பர் போட்டான்.

சனிக்கிழமை காலை, மேனேஜரின் மேசைமேல் நிரந்தரமாக்கும் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதைப் பார்க்காமலே சாலமோன் பேச ஆரம்பித்தான்.

“சார், நான் கர்னூலுக்குப் போகல. பரீட்சை இருந்தது. வேற ஆள்கிட்ட தாளைக் குடுத்தனுப்பினேன்.”

மேனேஜர் எழுந்து நின்றார்.

“போகலையா?”

“இல்லே, சார்.”

“அந்த அறுபத்திரண்டு படி?”

“நானாச் சொன்னது, சார்.”

“மீனாட்சி பவன்?”

“இல்லே, சார்.”

“மதுரைக்காரராவது இருக்காரா?”

“அவரும் இல்லே, சார்.”

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “கெடுத்தியேடா! நான் அத்தனையும் சொல்லிட்டேனே! நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னு வேற வாக்குக் குடுத்துட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை!”

யாரிடம் சொன்னார்? மெட்ராஸில் இருக்கும் முதலாளியிடம்தான். வேறு யார்? சாலமோன் கண்ணை மூடிக்கொண்டான். வேலை போயிற்று. அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

பேனா கிறீச்சிட்ட சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். மேனேஜர் நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார்?”

“வாயைத் திறக்காதே. நாளைக்கு அரக்கோணம் போய் மெயிலைப் பிடிக்கிறோம். நீயும் நானும். போய்ப் படியை எண்ணறோம். கூடவோ குறையவோ இருந்தா என்ன சொல்றதுன்னு நீ யோசிச்சு வை. உனக்குத்தான் அது நல்லா வருது.”

சாலமோன் தாளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தான். வாசலில் பியூன் கலியன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.

“கலியன் அண்ணே, முதலாளி எதுக்குக் கர்னூல் போறாரு?”

“மொதலாளியா? மேனேஜரு ஊட்டம்மா இல்ல போவுது!”

“அவங்க எதுக்கு?”

கலியன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“உனுக்குத் தெரியாதா ரைட்டரே? அவருக்குத் திருத்தணியில மொட்ட போடறதா அந்தம்மா வேண்டிக்கினு நாளு குறிச்சிட்டாங்க. மனுசன் கர்னூலுக்குப் போறேன்னு ஊட்ல சொல்லிட்டு, நீ போன அந்த ரெண்டு நாளும் நம்ம கொடோன்ல வேர்க்கல்ல மூட்ட மேலதான் படுத்துக்கினு இருந்தாரு!”