நட்சத்திர அட்டையும் ராஜசிங் சாரின் சுண்டுவிரலும்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் பெருங்கூட்டம். பஸ்ஸுக்கு அல்ல. பஸ் வந்தது, ஹாரன் அடித்துப் பார்த்தது, போய்விட்டது. அத்தனை பேரும் வேப்பமர நிழலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பாதங்களைப் பார்த்துப் பலன் சொன்னவர் பாதமலைச் சித்தர். அப்பா அம்மா வைத்த பெயர் இசக்கிப்பாண்டி. மலைகளில் வெறுங்காலோடு பல்லாண்டு அலைந்தவர் என்று பேனர் சொன்னது. பேனருக்கு அடியில் அவர் கழற்றி வைத்திருந்த ஷூ, மெத்தை வைத்த உயர்ரகம். அதை யாரும் பார்க்கவில்லை. பக்தி வந்துவிட்டால் கண் தரையில் நிற்காது.

அவர் விற்றது நட்சத்திர அட்டை. ஷூவுக்குள் போட்டுக்கொள்ளும் மினுமினுப்பான அட்டை; உள்ளே மலை மூலிகையாம், பிறந்த நட்சத்திரத்துக்கு ஒன்றாம். போட்டால் மலையில் கால் வழுக்காது, ஷூ கடிக்காது, முட்டி நோகாது. நட்சத்திரம் பார்க்காத கிறிஸ்தவர்களுக்குப் பிறந்த கிழமை, முஸ்லிம்களுக்குப் பிறை. அட்டை விற்பதில் சித்தருக்குச் சாதி மத பேதமே கிடையாது.

ராஜசிங் அங்கே போனதும் மலைக்காகத்தான். பள்ளியில் அறிவியல் ஆசிரியர். காலையில் கூட நடக்கும் நண்பர்கள் மேற்கு மலையில் ஏறத் திட்டமிட்டிருந்தார்கள். ராஜசிங்குக்குச் சர்க்கரை உண்டு, கால் கொஞ்சம் மரத்துப்போகும். அதனால் பயமும் உண்டு.

சித்தர் அவரை ஒற்றைக்காலில் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னார். கையைப் பிடித்து அமுக்கினார். ராஜசிங் சாய்ந்தார். பிறகு அட்டையின் மேல் நிற்கவைத்து அமுக்கினார். ராஜசிங் தூண் மாதிரி நின்றார்.

"பாத்தீகளா? பூமியோட சக்தி!" என்றார் சித்தர். "சார், நீங்க வியாழக்கிழமை பொறந்தவுக. ஏழாம் நம்பர் ஷூதான் ஒங்களுக்கு யோகம்."

ராஜசிங் அதுவரை போட்டது எட்டு. கால் பெரிதா, யோகம் பெரிதா? அட்டையை வாங்கிக்கொண்டு, நேரே எதிரில் இருந்த அப்துல் ஹலீமின் செருப்புக் கடைக்குப் போனார்.

"சார், ஒங்க காலு எட்டுலயே தெணறுது. ஏழுக்குள்ள எப்பிடிப் போகும்?" என்றார் ஹலீம். "மலைக்குப் போடுற சாக்ஸ மாட்டிக்கிட்டு சாயங்காலமா வாங்க, அப்பத்தான் கால் வீங்கியிருக்கும். எறக்கத்துல வெரல் முட்டாம முன்னால ஒரு பெருவிரல் எடம் கெடக்கணும். குதிகால் தூக்கக் கூடாது. அடியில நல்லா பிடிப்பு இருக்கணும்."

"பாய், நீங்க வியாபாரி. அவர் சித்தர்."

ஹலீம் ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் ராஜசிங் ஆமத்தூர் பக்கம் நடந்து பழகிவிட்டு வந்தார். வலியே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு சாக்ஸைக் கழற்றினார். அவர் மனைவி ஜெயசீலி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாக்ஸில் ரத்தம் இருப்பதை அவள்தான் பார்த்தாள். சுண்டுவிரல் உரிந்து கிடந்தது.

"கொப்புளம் உடைஞ்சது கூடத் தெரியலையாங்க ஒங்களுக்கு? சுகர்க்காரவுகளுக்கு இப்பிடித்தான் ஆரம்பிக்கும். வெரலையே எடுத்த கேஸெல்லாம் நான் பாத்திருக்கேன்."

ராஜசிங் உடனே சித்தருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். "சாமிகிட்ட போன்ல கேட்டேன். கர்மம் கொப்புளமா வெளிய வருதாம்."

ஜெயசீலி கட்டுப் போட்டு முடித்தாள். பிறகு, "நாளைக்கு நானும் வாரேன்" என்றாள்.

மறுநாள் கூட்டத்தின் நடுவில் நின்று கும்பிட்டாள். "சாமி, ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கூட்டத்துல சிலபேரு பாய் கடைக்குள்ள போய் ஷூ மாட்டிக்கிட்டு வருவாக. சில ஷூல ஒங்க அட்டை இருக்கும், சிலதுல இருக்காது. எதுல இருக்குன்னு கைய அமுக்கிச் சொல்லிருங்க. போதும்."

இத்தனை பேர் பார்க்கும்போது சித்தர் எப்படி மறுப்பார்?

முதலில் லோடு ஏற்றும் சுடலை வந்தான். சித்தர் அமுக்கினார். கை இரும்பாக நின்றது. "அட்டை இருக்கு!" சுடலை ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். அவன் காலில் ஒட்டியிருந்த மண்தான் விழுந்தது.

அடுத்து அச்சகத்தில் வேலை பார்க்கும் கற்பகவல்லி. அமுக்கியதும் சாய்ந்தாள். "இல்ல!" அவள் ஷூவுக்குள்ளிருந்து பளபளவென்று அட்டையை உருவினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இங்கன நம்பிக்கை இல்லாதவுக நிக்காக. சக்தி தடைபடுது" என்றார் சித்தர்.

"நம்பிக்கை இருந்தாத்தான் வேலை செய்யும்னா, அட்டை எதுக்கு சாமி?" என்றாள் ஜெயசீலி.

கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜசிங் இதையெல்லாம் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் பார்த்தது தன் காலை அல்ல, சித்தரின் கையை; அது ஆளுக்கு ஓர் இடத்தில் அமுக்கியது. காது மடல் சூடேற எழுந்து நொண்டி நொண்டி முன்னால் வந்தார்.

"ஏலே சுடலை, ஒத்தக்கால்ல நின்னு கைய நீட்டு." முழங்கைப் பக்கம் பிடித்து உடம்பை நோக்கி அமுக்கினார். சுடலை அசையவில்லை. மணிக்கட்டைப் பிடித்து லேசாக வெளிப்பக்கம் அமுக்கினார். மூட்டை மூட்டையாகச் சுமக்கும் சுடலை தள்ளாடிப் போனான்.

"அட்டையுமில்ல, சக்தியுமில்ல. நெம்புகோல்! நுனியில அமுக்குனா லேசுல சாயும்" என்றார் ராஜசிங். "வருஷா வருஷம் நானே நடத்துற பாடம். நானே ஏமாந்திருக்கேன்."

"அப்ப உள்ள இருக்க மூலிகை பொய்யா?" என்று சித்தர் கத்தினார்.

கற்பகவல்லி அட்டையின் மினுமினுப்பை நகத்தால் உரித்தாள். "மூலிகையா? இது காலண்டர் வேஸ்ட்டுல்லா!" உள்ளே பழைய தினசரிக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. அவள் எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள்: "கும்பம், ஏமாற்றம்."

ராசிபலன் பலித்ததை அந்தக் கூட்டம் அன்றுதான் நேரில் பார்த்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் சித்தர் தன் உயர்ரக ஷூவை மாட்டிக்கொண்டார். அது அவருக்குச் சரியான அளவு. நன்றாக ஓடினார்.

ராஜசிங்குக்குப் புண் ஆற நாளானது. நண்பர்கள் அவரை விட்டுவிட்டு மலையேறிப் படம் படமாக அனுப்பினார்கள். அவர் ஒரு சாயங்காலம் சாக்ஸோடு ஹலீம் கடைக்குப் போய், எட்டாம் நம்பரைப் போட்டு, கடைக்குள்ளேயே மேலும் கீழும் நடந்து பார்த்து வாங்கினார். அடுத்த தடவை அவரும் மலையேறினார். இறங்கியதும் ஜெயசீலி முதலில் பார்த்தது அவருடைய விரல்களை. எல்லாம் இருந்தன.

இன்னும் சிலர் ஹலீமிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள்: "பாய், அந்த அட்டை மிச்சம் கிடக்கா?"

மூலையில் கிடந்த ஷூவைத் தேள் இருக்குமோ என்று தட்டிப் பார்த்துத்தான் காலில் மாட்டுகிறோம். காதுக்குள் வருவதை மட்டும் ஏன் ஐயா தட்டிப் பார்க்காமலே தலைக்குள் ஏற்றிக்கொள்கிறோம்?